ஒன்பது பீரங்கிகள்

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்குக் கப்பலுக்குள் ஏதோ ஓடியது.

அண்ணனும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கப்பலைத் தூக்கியிருந்தார்கள். வியாழக்கிழமை அதை அருங்காட்சியகத்துக்கு ஏற்றிப் போக வந்திருந்த மரப்பெட்டிக்குள் அடிப்பலகை சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பதற்காக. அண்ணன் பக்கம் ஒரு விரற்கடை இறங்கியது. உள்ளே டொக்கென்று ஒரு சத்தம். அதன் பின்னால், குட்டிச் சக்கரங்கள் மரத்தில் ஓடும் சத்தம்.

"என் வாட்ச்சு," என்றான் அண்ணன். "பலகையில இடிச்சிருக்கும்."

அண்ணன் கையில் வாட்ச் இருந்தது உண்மைதான். வாட்ச்சுக்குச் சக்கரம் இல்லை.

"என்ன கத்திரி, மரமா நிக்கிற? இறக்கு."

இறக்கினார்கள். அண்ணன் பஸ் டிரைவர். ஒன்பது மணி வண்டி. கைகளைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அவள் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். பதினாறு வருஷமாக, டாக்டர்கள் வாய் திறந்து கேட்பதற்குள் நீட்டிய கையில் கத்திரியை வைப்பவள். வீட்டில் அந்தப் பெயர் அப்படி வந்தது. டார்ச்சை எடுத்துக் கப்பலின் இடது விலாவில் வரிசையாக இருந்த சதுர ஓட்டைகளுக்குள் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு ஓட்டையும் சட்டைப் பொத்தான் அளவு. ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளைப் பீரங்கி மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. ஐந்தாவதில் இல்லை. ஐந்தாவதில் இருட்டுதான் இருந்தது.

அந்த அறை அண்ணி நடத்தும் பல் ஆஸ்பத்திரியின் பின்னறை. இரண்டாவது நாற்காலி போடுவதற்காகக் கட்டியது. நாற்காலி வரவில்லை, கப்பல் வந்தது. நாற்காலிக்கென்று மேலே பொருத்திய விளக்கு மட்டும் மடங்கும் கையோடு தொங்கியது. அதன் கீழே நான்கு வருஷமாக அண்ணி இந்தக் கப்பலைக் கட்டினாள். முன்னறையில் சொத்தைப் பல், பின்னறையில் போர்க்கப்பல். நடுவில் ஒரு கதவு.

இருநூறு வருஷத்துக்கு முந்தைய கப்பல். எழுபத்துநான்கு பீரங்கி, மூன்று பாய்மரம். எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கியும் மூக்கிலிருந்து வால்வரை ஒரு மீட்டரைத் தாண்டி நான்கு விரல் நீளம். அருங்காட்சியகத்தில் இருந்த பழைய வரைபடத்தைப் பார்த்துக் கட்டியது. கப்பலின் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக அறுத்து நிறுத்தி, அவற்றின் மேல் பலகைகளை ஆவியில் வளைத்துப் பதித்திருந்தாள் அண்ணி. பலகைகளைப் பிடிக்க மூங்கில் ஆணிகள். மூங்கிலைக் கிழித்து, எஃகுத் தகட்டில் பல் துளைக்கும் கருவியால் போட்ட ஓட்டை வழியே இழுத்து, தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமனாக ஆக்கி, நறுக்கி, நறுக்கி எட்டாயிரம் ஆணிகள். அந்தக் காலத்தில் ஆணி இருந்த இடத்தில் ஆணி. இல்லாத இடத்தில் இல்லை.

அண்ணியை அவளுக்குப் பிடிக்காத காலமும் உண்டு. கல்யாணமான புதிதில், "ஊரார் வாயையெல்லாம் திறக்க வைக்கிறவங்களுக்குத் தன் வாயைத் திறக்கத் தெரியலையே," என்று அண்ணனிடமே சொல்லியிருக்கிறாள். பிறகு ஒரு நாள் பின்னறைக்குள் எட்டிப் பார்த்தாள். பலகை ஏறாத கப்பல் எலும்புக்கூடாக நின்றது. அதற்குள் ஒரு ஏணி. அரிசி அகலத்தில் படிகள். படியின் நடுவில், பலர் கால் பட்டது போல, லேசான தேய்மானம்.

"இதை யார் பார்ப்பாங்க, அண்ணி? மேல மூடிடுவீங்கள்ல?"

"மூடிடுவேன்."

"அப்புறம் எதுக்குத் தேய்ச்சீங்க?"

"ஏறி இறங்கியிருப்பாங்கள்ல," என்றாள் அண்ணி.

அன்றோடு அவள் வாய் அடைத்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து உட்காரத் தொடங்கினாள்.

அண்ணன் மட்டும் வாயை அடைக்கவில்லை. ஒரு முறை உரிமையோடு கொடியை எடுத்துக் கம்பத்தில் ஒட்டினான், பின்பக்கம் பறக்கிற மாதிரி. அண்ணி அதைப் பிய்த்து முன்பக்கம் திருப்பினாள்.

"காத்து பின்னாலேருந்து தள்ளினாத்தான் கப்பல் போகும். கொடி மட்டும் எதுத்துக்கிட்டுப் பறக்குமா?"

"என் பஸ்ல பின்னாடிதான் பறக்குது."

"உங்க பஸ்ஸு காத்துலயா ஓடுது?"

கீழ்த்தட்டுப் பீரங்கிகளை அண்ணி அவளிடம் கொடுத்தது போன வருஷம். பக்கத்துக்குப் பதினான்கு, மொத்தம் இருபத்தெட்டு. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. கீழே நான்கு சக்கரம் வைத்த மரவண்டி. அண்ணி சொன்ன விதி ஒன்றே ஒன்று: ஒட்டக் கூடாது, கட்ட வேண்டும். அசல் கப்பலில் பீரங்கியைச் சுவரோடு பிடித்து வைத்தது கயிறு. இங்கேயும் கயிறுதான். பீரங்கியின் பின்புறத்தைச் சுற்றி வந்து, ஓட்டைக்கு இரண்டு பக்கமும் இருக்கிற வளையங்களில் முடிச்சு. ஒரு பீரங்கிக்கு இரண்டு முடிச்சு.

கயிற்றுக்கு அண்ணி பருத்தி நூலைத் தேயிலைத் தண்ணீரில் தோய்த்து வைத்திருந்தாள். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"உங்க நூல்ல பிசிறு தெரியுது, அண்ணி. நான் கொண்டு வரேன் பாருங்க."

கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் தேதி தாண்டிப் போனதால் தூக்கிப் போட வைத்திருந்த தையல் நூல். மங்கிய பழுப்பு. பிசிறே இல்லை. அசல் கப்பல் கயிற்றைச் சுருக்கி வைத்தது போல இருந்தது. இடது பக்கம் ஒன்றிலிருந்து ஒன்பது வரை அதில் கட்டினாள். பத்தாவதுக்கு வரும்போது தீர்ந்துவிட்டது. மீதிக்கு மூக்கைச் சுளித்துக்கொண்டே அண்ணியின் நூல். பிறகு அண்ணி மேல்தட்டைப் பதித்து மூடினாள். அதன்மேல் பாய்மரங்களை நிறுத்தினாள். ஒரு வருஷம் உட்கார்ந்து, பாய்மரத்துக்குப் பாய்மரம் நூலேணி கட்டினாள்.

இப்போது அவள் மேசை இழுப்பறையைத் திறந்து தேடினாள். அண்ணி எதையும் எறிகிறவள் இல்லை. பழைய உறை அடியில் கிடந்தது. சின்ன எழுத்தில் எழுதியிருந்தது, உடம்புக்குள் தானே கரையும் வகை என்று.

தியேட்டரில் எந்த உறையையும் பிரிப்பதற்கு முன் பெயரை உரக்கப் படிப்பார்கள். எதிரே இன்னொருத்தி திருப்பிச் சொல்வாள். அதன் பிறகுதான் பிரிப்பார்கள். இங்கே யாரும் கேட்கவில்லை. அவளும் படிக்கவில்லை. நிறத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். உறைக்கு வெளியே வந்த அந்த நூலுக்கு உடம்பு வேண்டியதில்லை. காற்றில் இருக்கும் ஈரம் போதும், நாளானால்.

ஒன்று அறுந்துவிட்டது. மிச்சம் எட்டும் அறும். இன்றைக்கோ, ஆறு மாதம் கழித்தோ. வியாழக்கிழமை கப்பல் போகிறது. சனிக்கிழமை அருங்காட்சியகத்தில் புதிய கூடத்தைத் திறக்கிறார்கள், நட்ட நடுவில் இந்தக் கப்பல். அண்ணியின் நான்கு வருஷம் அது. சொன்னால் கப்பல் நிற்கும். சொல்லாவிட்டால் போகும், உள்ளே ஓடுகிற சத்தத்தோடு. கேட்க ஆள் இருக்காது.

முன்னறையில் பல் துளைக்கும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. அவள் உறையைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போனதும் கதவைத் திறந்தாள்.

"அண்ணி, பீரங்கி ஒண்ணு அறுந்துடுச்சு. என் நூல்தான். கரையற நூல். நான் பார்க்கல."

அண்ணி கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழற்றி முடித்தாள்.

"எத்தனை கட்டின அதுல?"

"ஒன்பது. இடது பக்கம் ஒண்ணுலேருந்து."

"எப்போ தெரியும்?"

"எட்டு பத்துக்கு."

அண்ணி கடிகாரத்தைப் பார்த்தாள். "ஒன்பதே கால். இவ்ளோ நேரம் என்ன பண்ணின?"

"பேசாம இருந்தேன்."

"அது என் வேலை," என்றாள் அண்ணி. "உள்ள போய் விளக்கைத் துடைச்சு வை. அடுத்தவருக்குப் பல்லு ஒண்ணு பிடுங்கிட்டு வரேன்."

மதியச் சாப்பாட்டுக்கு வந்த அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவன் கப்பலையும் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

"வெண்ணெய் திரண்டு வரப்போ தாழி உடைஞ்ச கதைதான். ஏன், ஓட்டை வழியா சொட்டுச் சொட்டா பசையை விட்டா?"

அண்ணி அவனைப் பார்த்தாள்.

"இல்ல, சும்மா கேட்டேன்," என்றான் அவன். "வீட்டுல ஒரு பல்லு டாக்டர், ஒரு ஆபரேஷன் நர்ஸ். எனக்குத் தும்மக்கூட பயமா இருக்கு."

மேல்தட்டைத் திறக்க முடியாது. திறப்பதென்றால் பாய்மரங்களைப் பிடுங்க வேண்டும். பாய்மரங்களைப் பிடுங்கினால் ஒரு வருஷத்துக் கயிறு போகும். ஓட்டைகளைத் தவிர வழியில்லை. சட்டைப் பொத்தான் அளவு வழி.

"முப்பத்திரண்டு பல்லு இருக்கிற வாய்ல, கடைசிப் பல்லோட வேருக்குள்ள போயிட்டு வரேன்," என்றாள் அண்ணி. "இது நாக்கு இல்லாத வாய். எச்சில் இல்ல. வலிக்குதுன்னு கடிக்காது."

வாய்க்குள் விட்டுப் பல் பார்க்கும் கண்ணாடிகளிலேயே சின்னதை எடுத்தாள். பருப்பு அளவு வட்டம், நீண்ட காம்பு. பூதக்கண்ணாடி வைத்த மூக்குக்கண்ணாடியை மாட்டினாள். ஐந்தாவது ஓட்டைக்குள் கண்ணாடியை விட்டாள். இன்னொரு கையில் வளைந்த முனையுள்ள ஊசி. கப்பலைத் தொடாமல் கப்பலுக்குள் நடமாடினாள். கண்ணாடியில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும். இருபது வருஷமாக அந்தத் தலைகீழ் உலகத்தில் குடியிருந்தவளுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. ஓடிப்போன பீரங்கி, நடுவில் இருந்த ஏணிக்கு அடியில் சாய்ந்து கிடந்தது. சக்கரத்தில் ஊசியை மாட்டி, பூனைக்குட்டியைக் கழுத்தில் தூக்கி வருவது போல, அதன் இடத்துக்கு நடத்தி வந்தாள். நாற்பது நிமிடம். ஒரு முறைகூட மரத்தில் உலோகம் படும் சத்தம் கேட்கவில்லை.

அவள் வாய் பிளந்து பார்த்தாள். எத்தனையோ பெரிய டாக்டர்களின் கைகளைப் பார்த்தவள். இப்படி அவசரமில்லாத கையைப் பார்த்ததில்லை.

"இப்போ கட்டு," என்றாள் அண்ணி.

"நானா?"

"கண்ணாடி ஒரு கை, பீரங்கியைப் பிடிக்க ஒரு கை. மூணாவது கை எனக்கு இல்ல."

"நான் கத்திரி எடுத்துக் குடுக்கிறவ, அண்ணி. தியேட்டர்ல ஒரு முடிச்சுகூட நான் போட்டதில்ல."

"பார்த்திருக்கியா?"

"ஆயிரக்கணக்கா."

"அப்புறம் என்ன?"

முதல் முடிச்சு நழுவியது. இரண்டாவதும். கைகளை ஓட்டைக்குள் விட முடியாது. இடுக்கியின் நுனியால் உள்ளேயே முடிச்சுப் போடப் பார்த்தால் நூல் சுருண்டுகொண்டது. மூன்றாவது முறை அவள் கையை எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். வயிற்றில் மூன்று ஓட்டை மட்டும் போட்டுச் செய்கிற ஆபரேஷன் நினைவுக்கு வந்தது. அந்த டாக்டர் முடிச்சை உள்ளே போடுவதில்லை. நூலின் இரு நுனியையும் வெளியே இழுத்து, வெளியே முடிச்சுப் போட்டு, நுனி பிளந்த குச்சியால் உள்ளே தள்ளிக்கொண்டே போய் இறுக்குவார்.

"ஒரு பல் குச்சி குடுங்க. நுனியில கீறல் வேணும்."

அண்ணி கீறிக் கொடுத்தாள். அவள் தேயிலை நூலை வளையத்தில் கோர்த்து, இரு நுனியையும் ஓட்டைக்கு வெளியே கொண்டுவந்து முடிச்சிட்டு, குச்சியின் பிளவில் அதை வைத்துத் தள்ளினாள். கண்ணாடிக்குள் முடிச்சு தானாக நடந்துபோவது போலிருந்தது. வளையத்தின் கழுத்தில் போய் உட்கார்ந்தது. இறுகியது.

அண்ணி கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "இது எனக்குத் தெரியாது."

பதினைந்து வருஷத்தில் அண்ணி அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. இன்னொரு முடிச்சைப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பீரங்கி. ஆறு மணிக்கு அண்ணி விளக்கை அணைத்தாள். ஆறு மணிக்கு மேல் கண் பொய் சொல்லும் என்பது அவள் கணக்கு. புதன்கிழமை, வலி தாங்காமல் வந்தவர்கள் இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லாரையும் வேறு நாளுக்குத் தள்ளினாள். அவளும் தன் ஆஸ்பத்திரிக்கு லீவு சொன்னாள். ஐந்து பீரங்கி. பேச்சு குறைந்துகொண்டே போனது. "கொஞ்சம் மேல." "பிடிங்க." "விடு." "போதும்." ஆறாவது பீரங்கியின் பழைய நூல், ஊசி பட்டதுமே பொடியாக உதிர்ந்தது. எட்டாவதில் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. எது எப்போது போகும் என்று சொல்லவே முடியாது என்பது தெரிந்தது. அண்ணன் வேலை முடிந்து வந்து, செருப்பை வாசலிலேயே விட்டு, பூனை நடை நடந்து, எட்டிப் பார்த்துவிட்டு அதே நடையில் போனான்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு இரண்டாவது பீரங்கியைத் தொடங்கி எட்டரைக்கு முடித்தார்கள். மிச்சம் ஒன்று. ஒன்றாம் எண். கப்பலின் மூக்கோரம்.

அங்கே விலா உள்வாங்கி வளைகிறது. போதாக்குறைக்கு, முன்னால் சாய்ந்து நீளும் மரத்தின் அடி அந்த ஓட்டைக்கு நேர் பின்னால்தான் தட்டுக்குள் இறங்குகிறது. கண்ணாடியை விட்டால் ஊசி திரும்ப இடமில்லை. ஊசியை விட்டால் கண்ணாடிக்கு இடமில்லை. ஒன்பதரைக்கு ஒரு பக்க வளையத்தில் புது முடிச்சு விழுந்தது. மறுபக்க வளையம் மரத்தின் நிழலில் இருந்தது. பத்து மணிவரை முயன்றார்கள். பத்தேகால்வரை முயன்றார்கள். அந்தப் பக்கம் பழைய நூல் இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

பத்து இருபதுக்கு வாசலில் வண்டி வந்து நின்றது.

அருங்காட்சியகத்து அதிகாரியை அண்ணன் கையுறைக்காரர் என்றுதான் சொல்வான். எங்கே போனாலும் வெள்ளைக் கையுறை. டீ குடிக்கும்போதுகூடக் கழற்றாதவர். வண்டியில் வந்த இரண்டு ஆட்களை வாசலில் நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே வந்தார். விளக்கின் கீழே நின்ற கப்பலைப் பார்த்தார். ஆறு மாதத்துக்கு முன் பார்த்தபோது அதில் பாதி நூலேணிதான் இருந்தது.

"தொட மாட்டேன்," என்றார். முட்டி போட்டு உட்கார்ந்தார். கீழிருந்து மேலாகப் பார்த்தார். நூலேணியில் ஒரு படியை, பிறகு அடுத்த படியை. உதடு அசைந்தது, எண்ணினாரோ என்னவோ. பின்பக்கம் போய், மாலுமித் தலைவனின் அறை ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எழுந்தபோது முழங்காலில் மரத்தூள் ஒட்டியிருந்தது. தட்டவில்லை.

"முப்பது வருஷமா இந்த வேலையில இருக்கேன், டாக்டர். வரைபடத்துல இருந்ததை மட்டும் கட்டுறவங்களைப் பார்த்திருக்கேன். கப்பல்ல இருந்ததைக் கட்டினவங்களை இப்பத்தான் பார்க்கிறேன்."

அண்ணி தலையை ஆட்டினாள். கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை.

"ஏத்தலாமா? பன்னிரண்டு மணிக்குப் பீடத்துல இருக்கணும். இல்லைன்னா நடுவுல எங்ககிட்ட இருக்கிற பழைய நங்கூரத்தை வைக்கச் சொல்லிட்டாங்க. அதை ஒரு தடவை வெச்சா கிரேன் வந்துதான் எடுக்கணும். இங்கேருந்து அரைமணி நேரம். மெதுவா போகணும், முக்கால்னு வைங்க."

"காட்சிப் பெட்டிக்குக் கண்ணாடி எப்போ போடுவீங்க?" என்று அவள் கேட்டாள்.

"இன்னிக்கு மதியமே. நாலு பக்கமும் ஒட்டி மூடிடுவோம். தூசி உள்ள போகாது."

"அப்புறம் திறக்கணும்னா?"

"எதுக்குத் திறக்கணும்?" அவர் சிரித்தார். "உடைச்சாத்தான் உண்டு."

அண்ணன் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். இன்று லீவு போட்டிருந்தான். கப்பலைத் தூக்க அவன் கைதான் வேண்டும் என்று அண்ணி சொல்லியிருந்தாள். அவன் அவளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். அதன் பொருள் அவளுக்குத் தெரியும். எட்டு முடிஞ்சுது, ஒன்பதாவதுலயும் பாதி முடிஞ்சுது, போதாதா கத்திரி?

போதும் என்றுதான் அவளுக்கும் தோன்றியது. மூடிய பெட்டிக்குள் ஈரம் குறைவு. அந்த ஒரு நூல் ஒரு வருஷம் தாங்கலாம். ஐந்து வருஷம்கூடத் தாங்கலாம். அறுந்தாலும் பாதிதான். பீரங்கி ஓடாது, கோணிக்கொண்டு நிற்கும், இருட்டில், மரத்தின் நிழலில். அப்படித் தோன்றிய அதே நேரத்தில், எட்டாவதில் அறுக்க வேண்டியிருந்ததும் ஆறாவதில் பொடியாக உதிர்ந்ததும் கண்ணில் நின்றது. மணி பத்தரை. பதினொன்றேகாலுக்குக் கிளம்பினால் போதும். முக்கால் மணி நேரம். போட்ட பதினேழு முடிச்சில் சில அதற்குள் முடிந்ததும் உண்டு. இந்த ஒன்றை ஏற்கெனவே முக்கால் மணி நேரமாகப் போட முடியவில்லை என்பதும் உண்மை. அவசரத்தில் குச்சி கொஞ்சம் வழுக்கினால் பழைய நூலும் போகும். வண்டியில் ஏற்ற முடியாமல், நங்கூரம் நடுவில் உட்காரும்.

அண்ணி மாட்டியிருந்த மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். மூன்று நாளில் கண்ணைச் சுற்றி அதன் வளையம் சிவப்பாகப் பதிந்திருந்தது. அதிகாரியைப் பார்க்கவில்லை. கணவனைப் பார்க்கவில்லை. கீறிய பல் குச்சியை எடுத்து அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தாள், கேட்பதற்கு முன்பே.

"நூலும் உன்னோடது, முடிச்சும் உன்னோடது," என்றாள். "நீயே சொல்லு. ஏத்தட்டுமா?"